கேட்டு வந்தவர்கள்

மந்திரிகளின் கார்கள் சரளைக்கல்லை நொறுக்கிக்கொண்டு திரும்பிப் போனபோது மெரெயானா அப்பாவின் சட்டைக் காலரை மறுபடியும் சரிசெய்துகொண்டிருந்தாள். அதில் சரிசெய்ய எதுவும் இல்லை. திறந்த பெட்டிக்குள் தானியோரா பெஹி, டையும் கோட்டுமாக, நாடாளுமன்றத்தில் தன் முறைக்குக் காத்திருப்பவரைப் போலப் படுத்திருந்தார். மார்புவரை இறகுப் போர்வை. பெட்டியின் காலடியில் அவருக்கு முன்னால் போனவர்களின் படங்கள்: அப்பா, அம்மா, மனைவி. சபைவீட்டின் முகப்பில் பாய் விரித்து, தலையில் இலைச்சரம் சுற்றிய பெண்கள் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். இறந்தவரைத் தனியாக விடுவதில்லை. ஒருத்தி கை கால் நீட்டிக்கொள்ள எழுந்தால் இன்னொருத்தி வந்து அந்த இடத்தில் உட்காருவாள். மெரெயானா மட்டும் நேற்றிலிருந்து அதிகம் எழவில்லை.

நாளைக் காலை அடக்கம் என்று பேச்சு.

மந்திரிகள் குறை சொல்ல முடியாதபடிதான் பேசினார்கள். மாவோரி மொழிப் பள்ளிகளுக்கு நிதி வாங்கித் தந்தவர், மலைக்கிராமங்களுக்கு மருத்துவர்களைக் கொண்டுவந்தவர், பழங்குடி விவகாரக் குழுவுக்கு நெடுங்காலம் தலைவராக இருந்தவர், ஏரிச் சட்டத்தின் தந்தை. கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் முற்றத்தில் பெஞ்சுகளில் இருந்தவர்கள் சிலர் செருமினார்கள். ஒருவர் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினார். பேசியவருக்கு அது தெரியவில்லை. அவர் கையிலிருந்த தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வரிசையில் நின்றவர்களோடு மூக்கோடு மூக்கு வைத்து விடைபெற்று, சாப்பாட்டுக்கூடத்தில் ஆட்டுக்கறியும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

ரெவி மாமா கைத்தடியை ஊன்றிக்கொண்டு முகப்பின் ஓரத்துக்கு வந்தார். அப்பாவுக்கு அம்மான் மகன். ஏரியின் இந்த வடக்குக் கரைக்காரர்களின் சார்பில் முற்றத்தில் எழுந்து பேசும் உரிமை அவருடையது. சாப்பிட்டாயா என்று கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள் அவர் கண் சாலைக்குப் போய்விட்டது.

"யாராவது வராங்களா மாமா?"

"பால் வண்டி" என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "இதுவரைக்கும் எத்தனை சாவு பாத்திருக்கேன். ஒரு தடவகூட இப்படி சும்மா ஒரு ஆள எங்கிட்ட விட்டுட்டுப் போனதில்ல" என்றார்.

அவர் சொன்னது மெரெயானாவுக்கு விளங்கியது. ஒருவர் இறந்தால், அவர்மேல் இரத்த உரிமை உள்ள எல்லாப் பக்கத்தாரும் வந்து, இவர் எங்கள் ஆள், எங்கள் மண்ணில் புதைக்கக் கொடுங்கள் என்று கேட்பார்கள். வைத்திருப்பவர்கள் தர மாட்டோம் என்பார்கள். வாக்குவாதம் முற்றும், பழைய கணக்கெல்லாம் வெளியே வரும், சில சமயம் கைகலப்பே நடக்கும். சண்டை எவ்வளவு பெரிதோ, போனவர் அவ்வளவு பெரியவர். அப்பாவை அவருடைய அம்மாவின் ஊரான இங்கே கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள். அவர் பிறந்து வளர்ந்த, அவருடைய அப்பாவின் ஊரான கிழக்குக் கரை, தண்ணீருக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அங்கே வீடுகளில் அடுப்பு எரிவதுகூட இங்கிருந்து தெரிந்தது. தீவின் கோடியிலிருந்தெல்லாம் பஸ் பிடித்து ஆட்கள் வந்திருந்தார்கள். அங்கிருந்து ஒருவரும் வரவில்லை.

காரணம் அந்தச் சட்டம்தான்.

ஏரியின் அடிமண்ணை, மின்நிலையம் கட்டுவதற்காக, அப்பா பிறப்பதற்கு முன்பே அரசாங்கம் எடுத்துக்கொண்டிருந்தது. அதை மக்களுக்கே திருப்பித் தரும் சட்டத்துக்காக அவர் தன் நல்ல வயதையெல்லாம் செலவழித்தார். சாட்சி சொல்லக் கிழவர்களைத் தலைநகரத்துக்கு வரவழைக்கக் கூடாது என்று, குழுவின் உறுப்பினர்களை பஸ்ஸில் ஏற்றி ஏரிக்கரைக்குக் கூட்டிவந்தார். ஆக்லாந்து வக்கீல்களும் ஆட்டுப்பண்ணை முதலாளிகளும் சபைவீட்டில் வரிசையாகப் போட்ட மெத்தைகளில் ஒருவர் குறட்டையை ஒருவர் கேட்டுக்கொண்டு படுத்தார்கள். காலையில் கிழவர்கள் தங்கள் மொழியில் பேசப் பேச, அப்பாவே நின்று மொழிபெயர்த்தார். எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் ஊருக்குப் போகும்போது, "உங்க ஆளுங்க கண்ணப் பாத்துப் பேசறாங்க. நாடாளுமன்றத்துல யாரும் அப்படிப் பேசறதில்ல" என்று சொன்னாராம். அதை அப்பா பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு வாக்கெடுப்பு வந்தது. ஆளும்கட்சிக்கு நூலிழைப் பெரும்பான்மை. கூட்டணியிலிருந்த ஒரு சின்னக் கட்சி, மண்ணை வேண்டுமானால் கொடுத்துவிடுங்கள், தண்ணீரின் மட்டத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மின்நிலையத்தின் கையில்தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் எங்கள் வாக்கு கிடையாது என்றது. அப்பா சமையலறையில் நின்றபடியே இரவெல்லாம் தொலைபேசியில் பேசியதும், விடிந்ததும் முகம் கழுவிக்கொண்டு ஒப்புக்கொள்ளப் போனதும் மெரெயானாவுக்கு நினைவிருந்தது. அப்போது அவள் கல்லூரி மாணவி. சட்டம் நிறைவேறியபோது பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தாள். வடக்குக் கரைக்காரர்கள் எழுந்து பாடினார்கள். கிழக்குக் கரைக்காரர்கள் எழுந்து வெளியே போனார்கள்.

கிழக்குக் கரை தாழ்வான கரை. குளிர்காலத்தில் மின்சாரத்துக்காக மட்டத்தை ஏற்றினால் தண்ணீர் அவர்களுடைய கல்லறைவரை வரும். அந்தப் பயம்தான் அவர்கள் சாட்சியத்தில் முதலிலிருந்து கடைசிவரை இருந்தது. அதை மொழிபெயர்த்ததும் அப்பாதான்.

அடுத்த வாரம் அவர் தன் ஊருக்கு விளக்கம் சொல்லப் போனார். ஒருவர் பேச்சு பிடிக்கவில்லை என்றால் பெண்கள் எழுந்து பாட்டை ஆரம்பித்துவிடலாம். பாட்டு வந்துவிட்டால் பேச்சு முடிந்தது. அப்பா சட்டத்தின் நான்காம் பிரிவை விளக்கிக்கொண்டிருந்தபோது, அவருடைய சொந்தத் தங்கை கராரைனா எழுந்து பாட ஆரம்பித்தாள். ஒருத்தி பின் ஒருத்தியாக எல்லாப் பெண்களும் எழுந்தார்கள். அப்பா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி அடிவரை நின்று கேட்டார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு காருக்கு வந்தார். அதற்குப்பின் அந்த முற்றத்தில் அவர் பேசவில்லை. அம்மா இறந்தபோதுகூட அங்கே இடம் கேட்கப் போகாமல், ரெவி மாமாவிடம் சொல்லி இந்த வடக்குக் கரைக் கல்லறையில்தான் அடக்கம் செய்தார். அம்மா வெள்ளைக்காரி, தெற்கே இன்வர்கார்கில் பக்கம். அவளுக்கு எந்தக் கரையும் ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் மெரெயானா, கிழக்குக் கரைக்குச் சொல்லி அனுப்பட்டுமா என்று கேட்டாள். அப்பா தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வேண்டாம். ஓட்டுக் கேட்டே வாழ்ந்தாச்சு. இதுக்காவது கேக்காம இருப்போம்."

அவள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ என்று இப்போது அந்தக் கரையைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றியது.

மதியச் சாப்பாட்டுக்குப்பின், சமையல்காரர்கள் பின்பக்கம் தொட்டியில் பாத்திரங்களைப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில், வாசலுக்கு வெளியே பழைய பஸ் ஒன்றும் அதன் பின்னால் மண் அப்பிய வேன்களும் வந்து நின்றன. இறங்கியவர்கள் ஆண்களும் பெண்களுமாகக் கறுப்பில் நெருக்கமாகக் கூடி வாசலில் நின்றார்கள். ரெவி மாமா தடியைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.

இந்தப் பக்கத்துக் கிழவி முகப்பிலிருந்து வரவேற்புக் குரல் எடுத்தாள். அதற்கு வாசலிலிருந்து பதில் குரல் வந்தது. நீண்டு, உடைந்து, மறுபடி நிமிர்ந்து வந்த அந்தக் குரலை மெரெயானா உடனே தெரிந்துகொண்டாள். கராரைனா அத்தை. கூட்டம் அடி அடியாக முற்றத்தைக் கடந்து வந்தது. எல்லாரும் ஓரிடத்தில் நின்று தலை குனிந்து அழுதார்கள். மூக்கிலிருந்து ஒழுகியதை யாரும் துடைக்கவில்லை. பிறகு அத்தை மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு முகப்பில் ஏறி, அண்ணனின் நெற்றியில் மூக்கை வைத்து வெகுநேரம் அப்படியே குனிந்திருந்தாள். நிமிர்ந்ததும் மெரெயானாவின் பக்கத்தில், இடுப்பு இடிக்கிற மாதிரி நெருக்கி உட்கார்ந்தாள்.

இந்தப் பக்கத்தார் பேசி முடித்ததும் வந்தவர்களில் ஹாகோப்பா எழுந்தார். அப்பாவுக்குப் பெரியப்பா மகன். மரம் வெட்டும் வேலையில் ஒரு காது போனவர், அதனால் எப்போதும் உரக்கத்தான் பேசுவார். முற்றத்தின் நடுவுக்கு வந்து, உயிரோடிருந்த யாரையும் பார்க்காமல் நேராகப் பெட்டியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"தண்ணியக் குடுத்துட்டு சேத்த வாங்கிட்டு வந்தவனே, படுத்திருக்கியா? நல்லாப் படு. உன்னால எங்களுக்குத் தூக்கமில்ல."

அத்தை மெரெயானாவின் முழங்காலில் கையை வைத்தாள்.

ஹாகோப்பா நடந்தார், திரும்பினார், மறுபடி நடந்தார். சட்டத்துக்குப்பின் ஒரு வருடம் வந்த வெள்ளத்தைச் சொன்னார். கல்லறை வேலி மிதந்ததைச் சொன்னார். நாடாளுமன்றத்தில் மழை பெய்யுமா என்று கேட்டார். படித்துப் படித்து வெள்ளைக்காரனின் கணக்கைக் கற்றுக்கொண்டவன், ஒரு அடி தண்ணீர் ஏறினால் எத்தனை பேர் தாய் தகப்பன் நனைவார்கள் என்ற கணக்கை மறந்துவிட்டான் என்றார். வடக்குக் கரைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் யாரும் குறுக்கே பேசவில்லை. அது அவர் உரிமை.

"எந்திரி தானியோரா. எந்திரிச்சுப் பதில் சொல்லு. நாலாம் பிரிவு வரைக்கும் சொன்னே. மீதியச் சொல்லு. இன்னிக்கு யாரும் பாட மாட்டாங்க."

சொல்லிவிட்டு அவர் உண்மையாகவே காத்திருந்தார். ஏரியிலிருந்து காற்று வந்து இறகுப் போர்வையின் ஓரத்தைத் தூக்கிப் போட்டது. மெரெயானா தன்னை அறியாமல் அப்பாவின் உதடுகளைப் பார்த்தாள். அத்தை கண்ணை மூடியிருந்தாள்.

"சொல்ல மாட்ட" என்றார் ஹாகோப்பா. குரல் முதல்முறையாகத் தாழ்ந்தது. "சரி, நான் சொல்றேன். தண்ணி ஏறி, நாங்க எங்க பெரியவங்களத் தோண்டி எடுத்து மேட்டுக்குக் கொண்டுபோனப்ப, நீ வந்த. யாரும் கூப்பிடல. ரப்பர் பூட்ஸப் போட்டுட்டு, சொந்த மண்வெட்டியோட வந்து நின்ன. உங்க அப்பாவ எடுக்கறப்ப துணியோட ஒரு முனைய நீ பிடிச்ச, ஒரு முனைய நான் பிடிச்சேன். மேடு ஏறற வரைக்கும் நீ ஒரு வார்த்தை பேசல, நானும் பேசல. கடைசிக் குழி மூடற வரைக்கும் இருந்த. உன் கையில தோல் உரிஞ்சிருந்தது. ஒரு டீ குடிச்சிட்டுப் போடான்னு சொல்ல எனக்கு வாய் வரல."

அந்த வருடம் அப்பா கைகளில் கொப்புளத்தோடு வீட்டுக்கு வந்ததும், தோட்ட வேலை என்று அம்மாவிடம் சொன்னதும், அவர்கள் வீட்டில் தோட்டமே இல்லையே என்று அம்மா சிரித்ததும் மெரெயானாவுக்கு ஞாபகம் வந்தது. அம்மா மேற்கொண்டு கேட்கவில்லை. களிம்பு தடவிவிட்டாள்.

ஹாகோப்பா ரெவி மாமாவின் பக்கம் திரும்பினார்.

"மந்திரிங்க வந்து புகழ்ந்துட்டுப் போனாங்களாம். ரோட்டுல கேள்விப்பட்டேன். நாங்க புகழ வரல. எங்க ஆளக் கேட்டு வந்திருக்கோம். அவங்க அப்பா பக்கத்துல குழி வெட்டி வெச்சிருக்கு. குடுங்க."

அவர் பேசி முடித்து உட்காருவதற்குள் ரெவி மாமா எழுந்துவிட்டார். நேற்றிலிருந்து கூனியிருந்த மனிதர் இப்போது இளந்தாரியைப் போலக் குதித்து நடந்தார். தடி காற்றில் சுழன்றது. இத்தனை வருடம் இவனுக்குச் சோறு போட்டது யார், இவன் மனைவிக்கு ஆறடி மண் கொடுத்தது யார் என்று கேட்டார். "ஒரு டீ குடுக்க வாய் வராதவங்களுக்குப் பொணத்த எதுக்குக் குடுக்கணும்?" என்று அவர் கேட்டபோது கிழக்குக் கரைக்காரர்களிலேயே சிலர் சிரித்துவிட்டார்கள். அவர் உட்கார்ந்ததும் அவர்கள் பக்கம் ஒருவர் எழுந்தார். அவர் உட்கார்ந்ததும் இங்கே ஒருவர். கொள்ளுப்பாட்டிகளின் கல்யாணங்கள், எப்போதோ திருப்பித் தராத தோணி, எல்லாம் முற்றத்துக்கு வந்தன. சமையற்கட்டிலிருந்து ஏப்ரனோடு வந்து எட்டிப்பார்த்தவர்கள் திரும்பிப் போகவில்லை.

சத்தத்துக்கு நடுவே அத்தை முதல்முறையாக மெரெயானாவிடம் பேசினாள்.

"மெலிஞ்சு போயிட்ட."

"நீங்க வர மாட்டீங்கன்னு நெனச்சேன் அத்தை."

"நேத்தே கெளம்பினோம். பாதி வழியில பஸ்ஸ நிறுத்திட்டு ஒரே சண்டை. என்னன்னு பேசறதுன்னு. திரும்பிப் போயி, மறுபடி காலைல கெளம்பினோம்." இலைச்சரத்தைச் சரிசெய்துகொண்டாள். "நீ ஏன் ஒரு போன் பண்ணல?"

"அப்பா வேண்டாம்னுட்டார்." அவர் சொன்னதை அப்படியே சொன்னாள்.

அத்தை குபீரென்று சிரிக்கப் போய், தோளில் கிடந்த சால்வையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. சிரிப்பு நின்றபிறகும் சிறிது நேரம் குலுங்கிக்கொண்டிருந்தன.

"திமிரு" என்றாள் பெட்டியைப் பார்த்து. "அப்பவே அப்படித்தான்."

"அன்னிக்கு நீங்க பாடினது..." மெரெயானாவால் முடிக்க முடியவில்லை.

"அந்தச் சட்டத்துக்கு இப்ப எந்திரிச்சு நின்னு பேசினான்னா இப்பவும் பாடுவேன்" என்றாள் அத்தை. "அவன் செஞ்சது தப்பு. எங்க அம்மா அப்பாவத் தோண்டி எடுக்க வெச்சுட்டான். ஆனா வேற யாராச்சும் செஞ்சிருந்தா மண்ணும் கெடச்சிருக்காது. அதுவும் எனக்குத் தெரியும். ரெண்டையும் வெச்சுக்கிட்டுத்தான் இத்தனை வருஷம் இருந்தேன்." பிறகு, "எங்க வீட்டுப் பையன்டி" என்றாள்.

"அம்மா இங்க இருக்காங்க, அத்தை."

அத்தை பெட்டியின் காலடியில் இருந்த படங்களில் மெரெயானாவின் அம்மாவுடையதை எடுத்து, கண்ணாடியைச் சால்வை நுனியால் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

வெயில் சபைவீட்டின் கூரைக்குப் பின்னால் போனபோது இரு பக்கத்துக்கும் தொண்டை கட்டியிருந்தது. ரெவி மாமா, பெண் சொல்லட்டும் என்றார். ஹாகோப்பாவும் தலையாட்டினார். முற்றம் அமைதியானது. எல்லாரும் மெரெயானாவைப் பார்க்காமல் பார்த்தார்கள்.

வெலிங்டனில் பல் மருத்துவராக இருந்த அவள், வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவள், தன் வாயைத் திறக்கச் சிரமப்பட்டாள். அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் அப்பாவுக்கென்று விட்டுவைத்த புல்தரை நினைவுக்கு வந்தது. அங்கே வரும்போதெல்லாம் அப்பா நின்றபடியே அம்மாவிடம் நாட்டுநடப்பு சொல்வார். ஆனால் போகும்போது ஏரியைப் பார்த்துக்கொண்டேதான் போவார்.

"அப்பாவ அவங்க எடுத்துட்டுப் போகட்டும், மாமா" என்றாள். "அம்மா பக்கத்துல இருக்கற எடத்த எனக்கு வையுங்க."

ரெவி மாமா அவள் பக்கம் திரும்பினார்.

"உனக்கு இன்னும் காலம் கெடக்கும்மா."

"இருக்கட்டும். வெச்சிருங்க."

அவர் சரி என்று தலையசைத்தார். பிறகு வந்தவர்கள் பக்கம் திரும்பி, திருட்டுப் பயல்கள், தாய்வழிச் சொத்தைப் பட்டப்பகலில் தூக்கிப் போகிறவர்கள் என்று தொண்டை கிழியத் திட்டிவிட்டு உட்கார்ந்தார். தோற்றவரின் முகமாக அது இல்லை. பக்கத்திலிருந்தவர் நீட்டிய தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

அடக்கம் ஒரு நாள் தள்ளிப்போனது. மறுநாள் காலை, ஆடுகளை ஏற்றிப்போகும் தட்டைப்படகைக் கழுவி, பாய் விரித்து, பெட்டியை ஏற்றினார்கள். சாலை வழியாகப் போகலாம் என்று யாரோ சொன்னதற்கு, அவன் வாங்கிக் கொடுத்த ஏரியில் அவனை ஒரு தடவையாவது கொண்டுபோக வேண்டாமா என்று ஹாகோப்பா கத்தினார். அதை யாரும் மறுக்கவில்லை. இரு கரைக்காரர்களும் கலந்து ஏறினார்கள். ரெவி மாமா படகின் முன்னால், போர்க்கப்பல் தலைவரைப் போல, தடியை ஊன்றி நின்றார். அத்தை பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து, விளிம்பின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

கோடைக்காலம் என்பதால் மட்டத்தை இறக்கியிருந்தார்கள். கிழக்குக் கரைப் புல்லுக்கு வெகு முன்னாலேயே தண்ணீர் முடிந்து, பளபளவென்று சேறு தொடங்கியது. படகு அதில் இடித்து நின்றது. மேட்டில் சபைவீட்டின் முன்னால் ஊர் கூடி நின்றது. வருகிறவர்களை அந்த மண்ணில் நிற்கும் பெண்தான் அழைக்க வேண்டும். அழைக்காமல் பெட்டியை இறக்க முடியாது. அங்கே நின்ற பெண்கள் எல்லாரும் படகைப் பார்த்து, அத்தைக்காகக் காத்திருந்தார்கள்.

அழைக்க வேண்டியவள் தானே என்பது அப்போதுதான் அத்தைக்கு உறைத்தது போலிருந்தது. அவள் பெட்டியிலிருந்து கையை எடுத்தாள். யாரோ பலகை போடுகிறேன், பொறுங்கள் என்று சொல்லச் சொல்ல, படகின் ஓரத்தைப் பிடித்து இறங்கிவிட்டாள். கறுப்புப் பாவாடை முழங்கால்வரை சேற்றில் போனது. இரண்டு கைகளையும் விரித்துச் சமாளித்துக்கொண்டு, காலை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கி முன்னேறினாள். ஒரு செருப்பு உள்ளேயே மாட்டிக்கொண்டது. அதற்காக நிற்கவில்லை. புல்லுக்குக் கொஞ்சம் முன்னால், கால் ஊன்றிய இடத்தில் நின்று, படகைப் பார்த்துத் திரும்பினாள். மூச்சு வாங்கியது. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

மெரெயானாவும் இறங்கிவிட்டிருந்தாள். சேற்றில் கையை விட்டுத் துழாவி, அந்தச் செருப்பை எடுத்தாள். அதை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தை வாயைத் திறந்தாள்.